கடகட சத்தத்துக்கு யார் பொறுப்பு?

பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் பிளாப்பி டிரைவ் சத்தத்தை ஒன்று ரசிப்பார்கள், இல்லையென்றால் எண்ணெய் விடுவார்கள். ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதில் பாதி கோளாறே இல்லை என்பது என் கட்சி. டிசைன் பண்ணினவர்கள் ஒரு சென்சாரை மிச்சம் பிடித்ததன் விலை அது.

1978-ல் வந்த ஆப்பிளின் டிஸ்க் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் டிராக் 0-க்கு வந்துவிட்டதா என்று சொல்லும் சென்சாரை வோஸ்னியாக் தூக்கிவிட்டார். அப்புறம் ஹெட் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் பூட் ஆகும்போது மொத்த டிராக்கையும் தாண்டும் அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளு, தடுப்பில் முட்டட்டும், முட்டின இடம் 0. அந்தக் 'கடகட' இதுதான். இதை மேதைமை என்று புகழாதவர் இல்லை. விலை குறைந்தது உண்மைதான்.

1982-ல் காமடோர் 1541-லும் அதே சிக்கனம். அங்கே படிக்க முடியாத செக்டார் வந்தாலும் ஹெட் போய் முட்டும். காப்பி அடிப்பதைத் தடுக்க கேம் கம்பெனிகள் வேண்டுமென்றே பிழையான செக்டார்களை வைத்தன. லோட் செய்யும் போதெல்லாம் இடி. நாளடைவில் ஹெட் இடம் விலகி, நல்ல டிஸ்க்கே படிக்காது. சிக்கனம் ஒன்றுதான், கெட்ட பெயர் மட்டும் காமடோருக்கு!

அமிகா வேறு கதை. டிரைவ் காலியாக இருந்தால் சில நொடிக்கொரு தரம் 'டிக்'. டிஸ்க் போட்டாயிற்றா என்பது, ஹெட்டை ஒரு ஸ்டெப் நகர்த்தினால்தான் அதற்குத் தெரியும். 'நோக்ளிக்' புரோகிராம்கள் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: டிராக் 0-ல் நிற்கும் ஹெட்டை இன்னும் வெளியே போ என்பது. ஹெட் நகராது, ஆனால் சிக்னல் வந்துவிடும். எல்லா டிரைவும் இதற்கு ஒத்துவராது என்பதால் கிக்ஸ்டார்ட் 2.0-விலும் இது ஒரு ஆப்ஷனாகத்தான் இருந்தது. அது நியாயம்.

கள்ளக்குறிச்சியில் அமிகாவை நான் யார் வீட்டிலும் பார்த்ததில்லை. நமக்கு வாய்த்தது அசெம்பிள் பண்ணின பிசி. அதில் சென்சார் உண்டு, ஆனாலும் ஆன் செய்ததும் உறுமும். பயாஸில் 'பூட் அப் பிளாப்பி சீக்' என்று ஒரு வரி; டிரைவ் 40 டிராக்கா 80 டிராக்கா என்று பார்க்க வந்தது. 1.44 எம்பி டிரைவ் எப்போதும் 80 தான், என்னத்தைப் பார்ப்பது? தொண்ணூறுகளில் இங்கே ஒரு சென்டரில் "டிரைவ் போயிடுச்சு" என்று காசு வாங்கிப் புதுசு மாட்டினார்கள். புதுசும் அப்படியே உறுமியது. அந்த வரியை 'டிசேபிள்' செய்திருந்தால் போதும்.

இப்போது பிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் செருகும் கோடெக் மாட்டி, அதில் குட்டி ஸ்பீக்கர் வைத்து 'டிக் டிக்' கேட்கிறார்கள். ஆசைக்குச் சரி. ஆனால் அது ஸ்டெப்பை மட்டும்தான் தட்டும். காது கொடுக்க வேண்டிய சத்தம் வேறு: 'சர்ர்' என்று சீவுவது போல வருவது. கல்வராயன் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த டிஸ்க் அப்படித்தான் கத்தும். 'ரீட்ரை' கொடுக்காதீர்கள், உடனே வெளியே எடுங்கள். அடுத்த டிஸ்க்கைப் போடும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கீறிப்போகும்.