உவர்நீரும் வெள்ளிப் படிமமும்

கருவெள்ளைப் படங்களைப் பற்றித் தமிழில் எழும் விமர்சனங்கள் பெரும்பாலும் உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டோடு அமைந்துவிடுகின்றன. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா நெறியாள்கை செய்து 1977இல் வெளிவந்த 'பொன்மணி'யை இதற்கு எடுத்துக்காட்டலாம். அதனைப் பற்றிய பேச்சில் சாதியும் சீதனமும் முதன்மை பெறுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும், அந்தப் படம் எப்பொருளிலே தங்கி நிற்கின்றது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. கருவெள்ளைப் படம் என்பது செலற்றின் படையினுள் பதிந்த நுண்ணிய வெள்ளித் துணிக்கைகளேயாகும். துணிக்கைகள் சிதைந்தால் உருவமும் இல்லை, உள்ளடக்கமும் இல்லை. எனவே இருட்டறைத் தொழிலும் பேணல் முறையும் விமர்சனத்துக்குப் புறம்பானவை அல்ல. மண்டைதீவு போன்றதொரு தீவில் வைத்து நோக்கும்போது இது தெளிவாகின்றது.

இருட்டறைக் கைநூல்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை இயல்பான வெப்பநிலையாகக் கொள்கின்றன. இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எச்.பி. 5 பிளஸ் படச்சுருளை, நீர் கலவாத ஐ.டி. 11 டெவலப்பரில் அவ்வெப்பநிலையில் ஏழரை நிமிடம் வைத்தல் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. 30 பாகையில் அந்நேரம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் படம் சீராகத் துலங்குவது கடினம். அத்துடன் வெப்பத்தில் செலற்றின் வீங்கி மென்மையாகின்றது. வெம்மையும் குளிர்மையும் திடீரென மாறினால் அதன் மேற்பரப்பில் வலைபோன்ற சுருக்கம் விழும். யாழ்ப்பாணத்தவர்க்கு இயல்பான வெப்பநிலை கைநூலில் விதிவிலக்காகவே இடம்பெறுகின்றது. குளிர்நாட்டு அனுபவமே உலக அனுபவமாகக் கொள்ளப்பட்டமைக்கு இதுவும் ஒரு சான்று எனலாம்.

நீரைப் பற்றிய விதி இதனினும் ஆராயத்தக்கது. துலக்கிய படத்தை ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேற்றில் நிலைப்படுத்தியபின், ஓடும் நன்னீரில் அரைமணி நேரம் கழுவுமாறு பழைய நூல்கள் பணிக்கின்றன. பண்ணை வழியாகச் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படும் மண்டைதீவு, தாழ்ந்த நிலமும் சூழ்ந்த கடலும் உடையது. இத்தகைய தீவுகளில் நிலத்தடி நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரேயாகும். கோடையில் அது மெலிய, கிணறுகளில் உவர் ஏறும். குடிப்பதற்கே அளந்து அள்ளும் நீரை அரைமணி நேரம் ஓடவிடுமாறு கூறும் விதி அங்கே எவ்வாறு பொருந்தும்?

வியப்பு யாதெனில், வேதியியல் இவ்விடத்தில் தீவின் பக்கமே நிற்கின்றது. கடல்நீரிலுள்ள உப்பு, செலற்றினிலிருந்து ஹைப்போ வெளியேறுவதை விரைவுபடுத்துகின்றது. பின்னர் உப்பை நீக்கச் சிறிதளவு நன்னீர் போதும். இல்ஃபோர்ட் முறையில், இறுக்கும் பொருள் சேராத ஹைப்போவைப் பயன்படுத்திய பின்னர், தொட்டியை மும்முறை நிரப்பி முறையே 5, 10, 20 தடவை கவிழ்த்து நிமிர்த்தினாற் போதும். 35 மில்லிமீற்றர் சுருளுக்கு ஒரு லீற்றர் அளவான நீரே செலவாகும். ஆனால் வெப்பத்தில் மென்மையாகும் செலற்றினைக் காக்க இறுக்கும் பொருள் வேண்டும். அதனைச் சேர்த்தால் கழுவுதல் நீளும். எதனைத் தெரிவது என்பதைக் கைநூல் அன்று, அவ்வூரின் கிணறும் வெயிலுமே தீர்மானித்தல் வேண்டும்.

கழுவும்போது துணைநிற்கும் உவர், பேணும்போது பகையாகின்றது. படத்தில் தங்கிய உப்பு ஈரத்தை ஈர்க்கும். எஞ்சிய ஹைப்போ காலப்போக்கில் வெள்ளியைச் சல்பைட்டாக்கிப் படத்தை மஞ்சளாகவும் கபிலமாகவும் மாற்றும். ஈரக்காற்றில் செலற்றினின்மேற் பூஞ்சணம் படரும். அசற்றேற்றுச் சுருள் வினாகிரி மணம் வீசிச் சுருங்கும். இவற்றைக் குளிர்மையும் உலர்வும் தாமதப்படுத்தலாம்.

தாமதப்படுத்த இயலாத அழிவும் உண்டு. 1944இல் மறைந்த கலைஞர் லயனல் வென்ட்டின் நெகற்றிவுகள் பின்னர் அழிக்கப்பட்டன. அச்சுப்படங்களே அவரது கலைக்குச் சான்றாய் எஞ்சின. 1983 யூலை வன்செயலில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது, தமிழ், சிங்களத் திரைப்படங்களின் மூலச்சுருள்களும் உடன் எரிந்தன. 1990இல் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடிழந்து செல்பவர் எடுத்துச் செல்லக்கூடியது சட்டமிட்ட ஓர் அச்சுப்படமே. அதன் நெகற்றிவ் படப்பிடிப்பு நிலையத்தின் பெட்டியிலேயே கிடந்துவிடும். அந்தப் பெட்டி அழியுமாயின், கையிலுள்ள மங்கிய பிரதியே மூலமாகிவிடுகின்றது. காணாமற்போன ஒருவரின் முகமாக அது இருக்குமாயின் இழப்பின் அளவைச் சொல்லவேண்டியதில்லை.

ஆதலின் பேணல் என்பது நன்றாகக் கழுவுதலோடு முடிவதன்று. ஒரே இடத்தில் வைக்காதிருத்தலும் அதன் பகுதியாகும். இன்று நெகற்றிவை மின்னணுப் பிரதியாக்கிப் பல ஊர்களில் வைக்கலாம். ஆயினும் அப்பிரதியைச் செய்தபின் மூலத்தை எறிந்துவிடுவது பேதைமை. பிரதி ஐயத்துக்குள்ளாகும்போது சென்று பார்ப்பதற்கு வெள்ளிப் படிமம் ஒன்றே உண்டு. விமர்சகன் படத்தின் பொருளைக் கேட்குமுன், தன் முன்னே இருப்பது மூலமா, பிரதியா, யார் கழுவியது, எங்கே கிடந்தது என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேளாத விமர்சனம், மங்கலைக் கலைஞனின் கருத்தாகவும் கீறலைக் காலத்தின் அழகாகவும் கொண்டு மயங்கும்.