'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' மட்டும்தானா?

தமிழ் வழியாக ஆங்கிலம் சொல்லித்தரும் பல கையேடுகளில் இந்த அட்டவணை இருக்கும்: 'கேன்' என்றால் முடியும், 'மே' என்றால் லாம், 'மஸ்ட்' என்றால் வேண்டும். திறமை, அனுமதி, கடமை மூன்றும் இதில் அடங்கிவிடும். அடங்காதது, பேசுபவருக்கு எவ்வளவு நிச்சயம் என்பது.

ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்வது வேறு. ஒரு செய்தி உண்மையா என்று எடைபோடுவது வேறு. எஃப். ஆர். பாமரின் 'மூட் அண்ட் மொடாலிட்டி' (1986) இந்தப் பிரிவைத்தான் அடிப்படையாக வைக்கிறது. 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்பதை அட்டவணைப்படி 'அவன் வீட்டில் இருக்க வேண்டும்' என்று மாற்றினால் கட்டளை மாதிரி ஆகிவிடுகிறது. நாம பேசுறது 'அவன் வீட்லதான் இருப்பான்'.

இந்தப் படிகள் நம் பேச்சிலேயே இருக்கு. திண்டுக்கல்லில் இருந்து பழனி பஸ் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சுன்னு வைங்க. 'ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்கும்' என்றால் 'மஸ்ட் ஹேவ்'. 'தாண்டியிருக்கணும்' என்றால் கணக்கு சரி, வழியில என்ன ஆச்சோ தெரியல. அது 'ஷுட் ஹேவ்'. 'தாண்டியிருக்கலாம்' என்றால் 'மே ஹேவ்'. 'தாண்டியிருந்தாலும் தாண்டியிருக்கும்' என்றால் 'மைட் ஹேவ்'. ஆக, ஊகிக்கும்போது நம்ம 'வேண்டும்' நிற்கும் இடம் 'ஷுட்'; 'மஸ்ட்' அல்ல.

எதிர்மறையில் அட்டவணை இன்னும் மோசம். ஊகமாகச் சொல்லும் 'மஸ்ட் பி'க்கு எதிர்ச்சொல் பெரும்பாலும் 'கான்ட் பி'. 'மஸ்ட் நாட்' என்றதும் தடை என்றுதான் முதலில் தோன்றும். தமிழிலும் இதே கதைதான். 'மழை பெய்யக்கூடும்' என்பதற்கு எதிர்ச்சொல் 'பெய்யக்கூடாது' இல்லையே! இந்த ஒரு உதாரணம் போதும், மாணவருக்குச் சட்டென்று புரியும். கையேடுகள் அதைத் தொடுவதில்லை.

ஆரம்பத்தில் அட்டவணை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றால் ஆபத்து. தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர் இது. ஒரு கிணற்றின் உப்பை ஆராயும் மாணவர், கழிவு காரணமாக 'மே பி' என்று எழுதினால் வேறு காரணங்களுக்கும் இடம் இருக்கிறது. 'மஸ்ட் பி' என்றால் பாறை, உரம் எல்லாவற்றையும் சோதித்து ஒதுக்கிவிட்டார் என்று அர்த்தம். ஒதுக்காமலே 'மஸ்ட்' போட்டால், அந்த ஒரு சொல்லைப் பிடித்தே முழு ஆய்வையும் தள்ளிவிடுவார்கள். கிணற்றுக்காரருக்குத்தான் நஷ்டம்.