தளபதிகள் கதையும் தலைப்பிறையும்

பல கணனிகள் செய்தி பரிமாறி ஒருமுடிவுக்கு வருவதன் எல்லையை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் பைசாந்தியத் தளபதிகள் கதையையே எடுத்தாளுவர். 1982இல் லாம்போட், சொஸ்ரக், பீஸ் என்னும் மூவர் அதனை வெளியிட்டனர். நகரொன்றை முற்றுகையிட்ட தளபதிகளுள் வஞ்சகரும் உளர். ஒப்பமிடாத வாய்ச்செய்தி மட்டும் செல்லுமிடத்து, மூவருள் ஒருவன் வஞ்சகனாயின் உடன்பாட்டுக்கு உறுதியில்லை, நால்வராயின் உண்டு. (முதலில் அல்பேனியத் தளபதிகள் என்றே பெயரிட எண்ணினராம், எவர் மனமும் நோகாதிருக்க, மறைந்த பேரரசொன்று தெரியப்பட்டது.)

கதை சுவையானதே. ஆயினும் அச்சுவையே கற்போரை மயக்குகின்றது என்பது எம் கருத்து. வஞ்சமே தடையென அவர் கொண்டுவிடுகின்றனர். 1985இல் பிசர், லிஞ்ச், பற்றர்சன் ஆகியோர் நிறுவிய தேற்றத்திலோ வஞ்சகன் எவனுமில்லை, செய்தியும் தொலைவதில்லை. செய்தி வந்துசேரும் காலத்துக்கு வரம்பின்மை, ஒரேயொரு கணனி செயலற்றுப்போகக் கூடுமாதல் ஆகிய இவ்விரண்டே போதும். தற்செயலுக்கு இடந்தராத எந்நெறிமுறையும் உடன்பாட்டை எஞ்ஞான்றும் உறுதிசெய்யமாட்டாது. தாமதித்தவனையும் மாண்டவனையும் மௌனங்கொண்டு பிரித்தறிதல் இயலாமையே இதன் உயிர்நாடி. இத்துணை ஆழ்ந்த தேற்றத்துக்குக் கதையொன்று வாய்க்காதது குறையே.

அதனைக் கல்முனைக் கரையிற் காணலாம். றமழான் 29ஆம் நாள் மாலை. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை மக்கள் கடலைப் புறங்கொண்டு, வயல்வெளிக்கு மேலாக மேல்வானை நோக்கி நிற்பர். பிறை கண்டோர் செய்தி கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லும். அங்கு உலமாக்கள் கூடித் தீர்மானிப்பர். செய்தி வாராவிடின்? பிறை தோன்றவில்லையா, முகில் மறைத்ததா, தொலைபேசித் தொடர்பு அறுந்ததா? மூன்றுக்கும் மௌனம் ஒன்றே. பிறை தென்படாவிடின் மாதத்தை முப்பதாகப் பூர்த்திசெய்க என்னும் விதி, முடிவிலாக் காத்திருப்பை அறுக்கின்றது. ஆயின் தீர்மானத்தின் பின் நம்பத்தக்க சாட்சி வருமாயின், ஒரு வீட்டில் நோன்பும் அயல்வீட்டிற் பெருநாளுமாய் ஊர் பிளவுபடவுங் கூடும்.

தொடர்பு அறுந்த ஊர் என் செய்யும்? ஒருமை வேண்டின் காத்திருக்க வேண்டும். உரிய வேளையில் விடை வேண்டின் தானே முடிவுசெய்ய வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறலாகாதென்று 2000இல் புறூவர் கருதியதைக் கில்பேட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவினர். (நம்மவர் பஞ்சாங்கத்தை முன்கூட்டியே கணித்துச் செய்திக்குக் காத்திராமற் தப்பினர். எனினும் வாக்கியமும் திருக்கணிதமும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் மாறுபடுதலை யாவரும் அறிவர்!)

இனி, 'இயலாது' என்பதை 'ஒருபோதும் நிகழாது' என வாசிப்போரும் உளர். அது பிழை. தேற்றம் மறுப்பது உறுதிப்பாட்டையே. நாணயம் சுண்டுதல் போன்ற தற்செயலை நெறிமுறையிற் சேர்த்தால் நிகழ்தகவு ஒன்றாய் முடிவு கிட்டுமெனப் பென்-ஓர் 1983இலேயே காட்டினார். நாணயஞ் சுண்டிப் பெருநாள் குறித்தல் பொருந்தாது. அங்குக் காலவரம்பே கைகொடுக்கின்றது. இன்று நடைமுறையிலுள்ள கணனித் தொகுதிகளுட் பலவும் அவ்வழியையே பற்றி நிற்கின்றன.