சிவப்பு இல்லையென்றால் எலும்பு இல்லையா?

போன வாரம் நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு மீன் படம் அனுப்பியிருந்தார். கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே மாணிக்கச் சிவப்பில் முதுகெலும்பு, தலைப்பக்கம் நீலத் திட்டுகள். "இது ஏஐ தானே?" என்று கேட்டார். இல்லை, நிஜ மீனே இப்படி ஆகும்.

இந்த வகைப் படங்களுக்குப் பேர்போனவர்கள் இரண்டு பேர். ஜப்பானின் இயோரி டோமிதா, அமெரிக்காவின் ஆடம் சம்மர்ஸ். சம்மர்ஸ் மீன் ஆராய்ச்சியாளர். அவருடைய படங்கள் 2013-இல் சியாட்டில் மீன்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. டோமிதாவிடம் நிறம் தூக்கல், கண் அதிலேயே நின்றுவிடும். சம்மர்ஸ் படத்தில் வெளிச்சமான பின்னணி, அதில் மீன் தட்டையாகக் கிடக்கும். நம்மை அறியாமலே எலும்புகளை எண்ண ஆரம்பித்துவிடுவோம். என் ஓட்டு சம்மர்ஸுக்கு.

செய்முறை சமையல் குறிப்பு மாதிரிதான், பொறுமைதான் அதிகம் வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்திய மீனை ஆல்சியன் நீலத்தில் ஊறவைத்தால் குருத்தெலும்பு நீலமாகும். டிரிப்சின் என்ற நொதி தசையைக் கரைக்கும், ஆனால் கொலாஜனைத் தொடாது. அதனால்தான் உடம்பு வடிவம் குலையாமல் நிற்கிறது. அலிசரின் சிவப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பைக் காட்டும். கடைசியில் கிளிசரின். ஒளி திசுவிலும் கிளிசரினிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைவதால், உடம்பு இருக்கிற இடமே தெரியாது.

அந்த அலிசரின் நமக்கும் புதுசு இல்லை. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அதுதான். 1736-இல் லண்டன் மருத்துவர் ஜான் பெல்ச்சியர், சாயப்பட்டறைக் கழிவு தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததைப் பதிவு செய்தார். அந்தக் கழிவில் இருந்தது மஞ்சிட்டி இனத்து வேர். எலும்புக்குச் சாயம் ஏறும் என்பது துணிக்காரர் வீட்டிலிருந்து வந்த அறிவு!

இப்போ என் குறைக்கு வருகிறேன். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் படித்தேன்: சிவப்பு இருந்தால் எலும்பு, இல்லையென்றால் இன்னும் எலும்பாகவில்லை. அது தப்பு. வழக்கமான ஆல்சியன் நீலக் கரைசலில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அமிலம் கால்சியத்தைக் கரைக்கும். குஞ்சு மீனில் அப்போதுதான் படிந்த மெல்லிய எலும்பு, சிவப்பு ஏறுவதற்கு முன்னாலேயே கால்சியத்தை இழந்துவிடலாம். எலும்பு இருக்கும், படத்தில் தெரியாது. இதற்காகத்தான் வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு அமிலம் இல்லாத சாய முறையை வாக்கரும் கிம்மலும் 2007-இல் வெளியிட்டார்கள்.

சுவரில் மாட்டிய படமாக மட்டும் பார்த்தால் இது குறையே இல்லை. ஆனால் இந்தப் படங்களை நாம் 'உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது' என்று நம்பித்தானே பார்க்கிறோம்? அந்த நம்பிக்கையில்தான் பாதி அழகே இருக்கிறது. எக்ஸ்ரே மாதிரி இது நேரடிச் சாட்சி இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு வேதிவினை. ஊறிய நேரம் மாறினால் சாட்சியும் மாறும்.

அதனால் படம் பகிர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழே ஒரே ஒரு வரி போடுங்கள்: என்ன மீன், எத்தனை மில்லிமீட்டர், அமிலச் சாயத்தில் எத்தனை மணி நேரம். நண்பருக்கும் இதைத்தான் எழுதினேன். "அப்போ இந்தப் படத்தில் எது நிஜம்?" என்று திரும்பக் கேட்டார். சிவப்பாகத் தெரிவதை நம்பலாம், தெரியாததை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்றேன்.