சங்காயம் பொறுக்கிய கைகள்

"வேங்கைவயல்ல நாம குடிக்கிற தண்ணித் தொட்டியில பீயக் கலந்தானுங்க. அத எழுதாம கடல் பசுவப் பத்தி எழுதப் போறேங்குறீங்களே தோழர்?"

கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448.34 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடல் அது. அதே டிசம்பரில் வேங்கைவயல். கடலுக்குள் ஒரு மிருகம் மேய்கிற இடத்துக்குக் காவல் போடத் தெரிந்த அரசுக்கு, எங்கள் குழந்தைகள் குடிக்கிற தண்ணீருக்குக் காவல் போடத் தெரியவில்லையே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கடல் மீனவர் சமாச்சாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிற நினைப்பு. அதை நான் ஏற்க முடியாது. ஏற்றால் என் அம்மா கரையில் நின்ற இருபது வருசம் இல்லாமல் போய்விடும்.

எங்கள் தெரு மணமேல்குடிப் பக்கம். கடல் கண்ணுக்குத் தெரியாது, உப்புக்காற்று மட்டும் வரும். வயலில் வேலை இல்லாத நாளில் அம்மாவும் தெருப் பெண்களும் விடிவதற்கு முன்னே ஜெகதாப்பட்டினம் போவார்கள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடைக்குப் போய் ஏலம் முடிந்த பிறகு, தார்ப்பாயில் ஒரு குவியல் மிச்சமிருக்கும். அதற்குச் சங்காயம் என்று பேர். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன், நசுங்கிய நண்டு, கடல் அட்டை, கடல் குதிரை, சங்கு, இவற்றோடு வேரும் சேறுமாகப் பிடுங்கி வந்த பச்சைப் புல். அதில் காய்ச்சலுக்கு ஆகிறதை, மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறதைப் பிரித்துப் போடுவதுதான் வேலை. கூடைக்கு இவ்வளவு என்று கூலி. கெளுத்தி முள் குத்தி அம்மாவின் வலது கைப் பெருவிரல் வருசத்தில் பாதி நாள் வீங்கியே இருக்கும். பள்ளிக்கூட லீவில் நானும் போவேன். ஒருநாள் அந்தப் புல்லை எடுத்துக் காட்டி, "இது என்னம்மா?" என்றேன். "கடலுக்கு அடியில இருக்குற அறுகுடா. இதையுமா சொரண்டிட்டு வருவானுங்க" என்றார்.

அம்மா படித்ததில்லை. ஆனால் விஞ்ஞானிகள் சொல்வதும் அதுதான். கடற்புல் பாசி அல்ல; வேர்விட்டுப் பூக்கிற செடி. அதன் இடுக்கில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அதை மேய்ந்துதான் ஆவுளியா என்கிற கடல் பசு உயிர் வாழ்கிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஆழம் குறைந்த கடல். இழுவை வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பலகைகள். அடியில் மண்ணைக் கிளறி இறாலைக் கிளப்பச் சங்கிலி. இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் அது போகிற வழியெல்லாம் தரையை உழுதுகொண்டே போகும். கலங்கிய சேறு வெளிச்சத்தை மறைத்துவிடுவதால், வேர் அறுபடாமல் தப்பிய புல்லும் சாகும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சங்காயக் குவியலுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

இனி நம் இலக்கியத்துக்கு வருகிறேன். தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது. அதற்கு மூன்று வருசம் முன்புதான் நார்வே நாட்டு உதவியோடு கேரளக் கரையில் மீன்பிடியை எந்திரமாக்கும் திட்டம் தொடங்கியது. செம்மீன் என்றால் இறால். வெளிநாட்டு டாலருக்காக இந்த நாட்டின் கடற்தரை உழப்பட்டது அந்த இறாலுக்காகத்தான். நாவலோ கடலம்மாவையும் பெண்ணின் கற்பையும் பற்றிப் பேசியது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் மூண்ட பகையைத் தமிழில் சொன்னது. அந்த வகையில் அது முன்னோடிதான். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமரத்து மனிதர்களின் வீரத்தைக் கொண்டுவந்தது. இவற்றை மதிக்கிறேன். ஆனால் நான் வாசித்தவரை, இந்தக் கதைகள் படகில் ஏறுகின்றன, அலையில் போகின்றன, கரைக்குத் திரும்பி வீட்டுக்குள் போகின்றன. ஏலம் முடிந்தபிறகு தார்ப்பாயில் குனிந்திருக்கிற, அந்தச் சாதியைச் சேராத பெண்ணிடம் வருவதில்லை. கடலின் மேற்பரப்பைப் பார்த்த அளவுக்கு அடித்தரையைப் பார்க்கவும் இல்லை. கரையிலும் கடலிலும் அடியில் கிடப்பது கண்ணில் படாமல் போயிருக்கிறது.

மற்றவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? தலித் எழுத்தும் சேரியை எழுதியது, வயலை எழுதியது, கல்லூரி விடுதியை எழுதியது. உப்புக்காற்றில் கிடக்கிற சேரியை எத்தனை பேர் எழுதினோம்?

அரசாங்கத்தின் எழுத்தையும் வாசித்துப் பார்க்கலாம். இந்தப் பாதுகாப்பகம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தின் 36ஏ பிரிவு உள்ளூர் மக்களைக் கலந்து பேசச் சொல்கிறது. 36பி பிரிவு நிர்வாகக் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது: வனத்துறை, ஊராட்சிக்கு ஒருவர், வன உயிர்த் தொண்டு நிறுவனங்களிலிருந்து மூன்று பேர், வேளாண்மைத் துறையில் ஒருவர், கால்நடைத் துறையில் ஒருவர். காட்டை நினைத்து எழுதிய சட்டம். கடல் பசுவும் பசுதானே என்று கால்நடைத் துறை வந்து உட்காரலாம். வலை இழுக்கிறவனுக்கும் சங்காயம் பொறுக்குகிறவளுக்கும் அந்தப் பட்டியலில் நாற்காலி இல்லை. ஊராட்சித் தலைவர் பேசுவார் என்பார்கள். ஊராட்சியில் சேரியின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. பாதுகாப்பகம் அறிவித்து நாலு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரியில் அதே அரசு, சேது சமுத்திரத் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டம், கப்பல் போக இதே பாக் விரிகுடாவைத் தூர்வாரி ஆழப்படுத்தும் திட்டம். மீனவர்கள் எதிர்த்தார்கள், காது கொடுக்க ஆளில்லை. 2007இல் உச்சநீதிமன்றம் தடை போட்டது, ராமர் பாலம் என்கிற நம்பிக்கையைக் காட்டி வந்த வழக்கில். ராமருக்காக நின்ற தூர்வாரும் எந்திரம், மீனவனுக்காகவும் புல்லுக்காகவும் நின்றதில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்களும் பக்தி பேசுகிறவர்களும் மோதிக்கொண்ட அந்தச் சண்டையில், கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

தமிழ்த்தேசியத் தோழர்களிடமும் ஒன்று பேச வேண்டும். இலங்கைக் கடற்படையின் வன்முறையை நான் சிறிதாக்கவில்லை. 2021இல் மட்டும், கோட்டைப்பட்டினத்திலிருந்து போன இரண்டு படகுகள் கடற்படைக் கப்பல்களோடு மோதி மூழ்கின. ஜனவரியில் நான்கு பேர், அக்டோபரில் ஒருவர் செத்தார்கள். ஜனவரியில் செத்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழத்தமிழ் அகதி. அவர் அடுத்தவர் படகில் போய்ச் செத்தார். முதலாளிகள் கரையிலிருக்கப் படகில் போகிற கூலிகள்தான் சாகிறார்கள். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து, மன்னாரு மீனவர்களும் தமிழர்கள்தான். போர் முடிந்து 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை நம் இழுவை மடிகள் அறுத்துப்போட்டன. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தபோது அதை வரவேற்றவர்கள் அவர்கள். எல்லை தாண்டுவது ஏன்? இந்தப் பக்கத் தரையை நாமே சுரண்டி முடித்துவிட்டோம். கச்சத்தீவு வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்று மேடையில் பேசுவதால் செத்த புல் முளைக்காது.

சரி, இழுவை வலையை நிறுத்த வேண்டும் என்று நானும் சொல்கிறேன். இதை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "நிறுத்துடா. நிறுத்திட்டு எங்களை எங்கிட்டுப் போகச் சொல்றே?" என்றார். சங்காயம் இருந்ததால்தான் நான் படித்தேன். கடலைக் கொன்ற வலையின் மிச்சத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. இதை மறைத்துவிட்டுச் சூழலியல் பேசினால் அது பொய்யாகிவிடும்.

அம்மாவின் கேள்விக்கு அரசு வைத்திருக்கிற பதில் 2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். பாக் விரிகுடாவில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். புதுப் படகு ஒன்று 80 லட்சம், அதில் பெரும்பகுதி மானியம். இழுவைப் படகைக் கொடுக்கிற முதலாளிக்குப் புதுப் படகு. அந்தப் படகில் வலை இழுத்தவனுக்கு? ஐஸ் உடைத்தவனுக்கு? தார்ப்பாயில் குனிந்தவளுக்கு? தடைக்கால நிவாரணப் பட்டியலில்கூட அம்மா பேர் ஒருநாளும் இருந்ததில்லை. கேட்கப் போனபோது, "நீங்க மீனவரு இல்லையே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை, நம் வரலாற்றிலேயே இருக்கிறது. தொண்ணூறுகளில் தஞ்சை, நாகைக் கடலோரத்தில் நன்செயை இறால் பண்ணைகள் விழுங்கியபோது, ஜெகந்நாதன் – கிருஷ்ணம்மாள் தம்பதியரோடு நின்று எதிர்த்தவர்களில் தலித் கூலிப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் பண்ணைகளை மூடச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் பலர் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. மூடப்படும் பண்ணைகளில் ஒரு வருசமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு, சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறு வருசச் சம்பளமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றது. தொழில் நாசமானது, அதை மூடு. ஆனால் அதில் உழைத்தவன் குற்றவாளி அல்ல, அவனுக்குக் கொடு. பண்ணை முதலாளிகளுக்கு வழிவிட 2005இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனாலும் அந்த நியாயம் அழிந்துவிடவில்லை.

அதைத்தான் கடலுக்கும் கேட்கிறேன். பாக் விரிகுடாவில் இழுவை வலை நிற்க வேண்டும், தூர்வாரும் திட்டம் கைவிடப்பட வேண்டும். மானியக் கணக்கு எழுதுகிறபோது படகுக்கு முன்னால் கூலிகளை எழுத வேண்டும். பாதுகாப்பகக் குழுவில் சிறுபடகுக்காரரும் கரைக்கூலிப் பெண்களும் உட்கார வேண்டும். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் மீனவர் சங்கத்தோடு சேரியையும் கூட்டிப் போக வேண்டும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: தொட்டித் தண்ணீரும் கடல் தண்ணீரும் யாருக்குச் சொந்தம் என்பது ஒரே சண்டைதான் தோழர். அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பெருவிரல் மடங்குவதில்லை. குவியலும் வரவரச் சிறுத்துப்போச்சு என்கிறார். பொறுக்கக்கூடக் கடலில் மிச்சமில்லையாம்.