மயிற்பொறியை யார் கண்டார்?

காவியம் படிக்கிறபோது நம் மனத்துக்குள் என்ன நடக்கிறது? படம் ஓடுகிறதா, குரல் கேட்கிறதா, வெறும் பொருள் மட்டும் விளங்குகிறதா? சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை வைத்து இதைச் சிந்திக்கலாம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கர்ப்பிணியான விசயையைக் காப்பாற்ற, மன்னன் சச்சந்தன் பறக்கும் மயில் ஒன்றைச் செய்விக்கிறான். கட்டியங்காரன் படை சூழ்ந்தபோது அவள் அதில் ஏறித் தப்புகிறாள். மன்னன் இறந்தான் என்று அறிந்து மயங்கிப்போக, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான்.

அந்த மயிலைத் திருத்தக்க தேவர் நமக்கு எப்படிக் காட்டுகிறார்? முதலில் சரக்குப் பட்டியல் மாதிரி சொல்லுகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகிறது. பிறகு உயிருள்ள மயிலையும் செய்த மயிலையும் சேர்த்தே அரசன்முன் நிறுத்துகிறார். கடைசியில் இயக்கும் விதம்: பொறியை வலப்பக்கம் திருப்பினால் மேலே எழும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால்மடக்கி உட்காரும். கவனிச்சீங்களா? கண்ணுக்குக் கொஞ்சம், கைக்கு நிறைய. மீதி மயிலை வாசகனே செய்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் மனக்கண் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர், அன்று காலை உணவு மேசை மனத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பலரிடம் கேட்டு, 1880இல் எழுதினார். சிலர் எதுவுமே தெரியவில்லை என்றார்களாம். இப்படி மனப்படம் வராத தன்மைக்கு ஆடம் சீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார். இது மூளைக் குறைவு அல்ல. அப்படிப்பட்டவர்களும் கதை படித்து ரசிக்கிறார்கள்.

நம் தொல்காப்பியம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. வருந்தி ஆராயாமலே பொருள் மெய்ப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்று செய்யுளுறுப்பாக்கியது. அழுகை, அச்சம், மருட்கை முதலாக எட்டு. சுடுகாட்டில் விசயையின் முகம் தெரியாதவனுக்கும் நெஞ்சு அடைக்குமே, அதுதான் மெய்ப்பாடு.

ஆனால் உணர்ச்சி வர, உலகம் தெரிந்திருக்க வேண்டும். அதே 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த உ.வே.சாமிநாதையருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சிந்தாமணியின் சமண உலகம் தெரியாது. அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்கள் அதைப் பக்தியோடு வாசித்து, முடிந்த நாளை வீட்டை அலங்கரித்துக் கொண்டாடியவர்கள். நூல் 1887இல் அச்சில் வந்தது. ஏட்டில் இருந்த சொல்லுக்கு அந்த வீடுகள் உயிர் கொடுத்தன என்றால் மிகையில்லை.

நாச்சாரத்தில் வளரும் நம் பிள்ளைகள் நிலையும் அதுதான். கல்கியின் வந்தியத்தேவனுக்கு மணியம் வரைந்த முகம் ஒரு தலைமுறைக்கு. 2022இல் வந்த சினிமா முகம் இவர்களுக்கு. தப்பில்லை. ஆனாலும் ஆயத்த முகம் வந்தபின் சொந்த முகம் பிறப்பது கஷ்டம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கதை சொல்லும்போது "படம் தெரியுதா?" என்று பிள்ளையைச் சோதிக்காதீங்க, தெரியாத பிள்ளையை மந்தம் என்னாதீங்க. சார்மினார் பக்கம் லாட் பஜாருக்குக் கூட்டிப்போய், வளையலுக்கு அரக்கு உருகுவதைக் காட்டுங்க. அப்புறம் மயிற்பொறியைச் சொல்லி, கையை வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்க. மயில் எழும்பும்.