சத்தமில்லாத வீச்சு

தூண்டில் வீச்சு என்றால் கோலைத் தலைக்கு மேல் சுழற்றித் தொலைவுக்கு எறிவதுதான் என்று நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் எறியவே இல்லை. கோரைப் புதருக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லாமல், ஒட்டினாற்போல் படகைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரு கையில் கோல்; மறு கையின் விரல்களில் ரீலிலிருந்து இழுத்த ஈர நரம்பு. கனத்த இரை ஊஞ்சல்போல அவரை நோக்கி வரும், திரும்ப முன்னே போகும். போகிற அந்தக் கணத்தில் விரலிடுக்கு வழியே நரம்பு வழுக்கும். இரண்டு தண்டுகளுக்கு நடுவே கையகல நிழல் ஒன்று இருக்குமே, அங்கே இரை இறங்கும். தண்ணீர் தெறிக்காது. பழுத்த இலை குளத்தில் விழுகிற அளவு சத்தம்கூட இருக்காது.

முதலில் 12 அடிக் கோலால் செய்த வேலை இது. நீளத்துக்கு ஆட்சேபம் எழுந்ததும் கோலை ஏழரை அடியாகக் குறைத்துக்கொண்டு, 1975இல் ஆர்கன்ஸாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் பாஸ் மீன் போட்டியை வென்றார். ‘ஃபிளிப்பிங்’ என்ற பெயரில் இதைத் தொழில்முறைத் தூண்டில்காரர்கள் பலரும் பிறகு கற்றுக்கொண்டார்கள். எனக்கு வெற்றியைவிட நரம்பைப் பிடித்த அந்தக் கைதான் பெரிது. இரை அடியைத் தொடும்வரை விரல்கள் நரம்பை விடுவதில்லை. மீன் வாயைத் திறந்து மூடுவது ஒரு மெல்லிய ‘டக்’காக அங்கேதான் முதலில் தெரியும். அதற்காக நாளெல்லாம் ஒவ்வொரு நிழலாக, அவசரமில்லாமல், மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டே போனார்.